ஜீப்புக்கு ஒரு ரேடியேட்டர்

கோத்தகிரியில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். கொஞ்சம் தேயிலைத் தோட்டம், ஓட்டு வீடு ஒன்று, பழைய ஜீப் ஒன்று ஆகிய மூன்றும் அவருடைய பாட்டனார் வைத்துவிட்டுப் போன சொத்து. தோட்டம் வருமானம் கொடுக்கிறது. வீடு நிழல் கொடுக்கிறது. ஜீப் என்ன கொடுக்கிறது என்று கேட்டால் சிநேகிதர் பேச்சை மாற்றிவிடுவார்.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள் இரவு அவர் டெலிபோனில் கூப்பிட்டார். குரலைக் கேட்டதும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்தேன். "பாதி மலை ஏறுவதற்குள் கொதித்துவிட்டது. ரேடியேட்டர் போய்விட்டது" என்றார். ஜீப்பைப் பற்றித்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

விஷயம் இதுதான். வைகாசியில் அவருடைய மகனுக்குக் கல்யாணம்; முகூர்த்தம் மேட்டுப்பாளையத்தில். தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண்ணை மலைமேல் உள்ள வீட்டுக்கு அந்த ஜீப்பில்தான் அழைத்து வரவேண்டும் என்பது சிநேகிதருடைய தாயாரின் உத்தரவு. 1961-ல் அந்த அம்மாள் புது மணப்பெண்ணாக மலை ஏறியது அந்த ஜீப்பில். 1989-ல் அவருடைய மருமகள் வந்ததும் அதிலேதான். பேரன் மனைவி மட்டும் வாடகைக் காரில் வந்து இறங்குவதாவது? அம்மாளுக்கு அப்போது வயது எண்பத்து மூன்று. அந்த வயதில் ஒருவர் கேட்பது ஒன்றே ஒன்று என்றால், அதை இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்?

இந்த இடத்தில் ஜீப்பின் பூர்வ கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1940-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க ராணுவத்தார், காடு மேடுகளில் ஓடக்கூடிய சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதினார்கள். முதல் வண்டியை நாற்பத்தொன்பது நாளில் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் பின்வாங்கின. பென்ஸில்வேனியாவில் பான்டம் என்ற சின்னக் கம்பெனி மட்டும் துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினீயர் இரண்டே நாளில் படம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டி ராணுவத்தின் வாசலில் நின்றது. ஆனால், உலகத்தில் அடிக்கடி நடப்பதுபோலவே, துணிந்தவனுக்குப் பலன் கிட்டவில்லை. பெரிய ஆர்டர்கள் வில்லிஸ் கம்பெனிக்கும், அந்த வில்லிஸ் வரைபடத்தை வைத்துக்கொண்டே வண்டி செய்த ஃபோர்டு கம்பெனிக்கும் போயின. யுத்தம் முடிவதற்குள் இருவருமாக ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளிவிட்டார்கள்.

சிநேகிதருடைய வண்டி 1944-ல் ஃபோர்டு செய்தது. ஃபோர்டு கம்பெனியார் தங்கள் பாகங்களில் எல்லாம், போல்ட்டுத் தலைகளில் கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து வைத்தார்கள். மற்றபடி இரு கம்பெனி வண்டிகளிலும் ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தும். போர்க்களத்தில் அது பெரிய வசதி. யுத்தம் ஓய்ந்த பிறகு சர்க்கார் வேண்டாத சாமான்களை விற்றபோது, 'டிஸ்போஸல்ஸ்' என்ற வார்த்தை ஆங்கிலம் தெரியாதவர்கள் வாயிலும் புகுந்தது. பாட்டனார் 1948-ல் கோயமுத்தூர் வியாபாரி ஒருவர் மூலம் இந்த ஜீப்பை வாங்கினார். மணிலா நகரத்தார் இப்படி மிஞ்சிய ஜீப்புகளை வாங்கி, நீளம் கூட்டி, வர்ணம் தீட்டி, ஜனங்கள் ஏறிச் செல்லும் 'ஜீப்னி' ஆக்கிவிட்டார்கள். நமது பாட்டனார் அப்படியெல்லாம் செய்யவில்லை. உர மூட்டையும் தேயிலை மூட்டையும் ஏற்றினார். விசேஷ நாட்களில் மருமகளை ஏற்றினார்.

நம் தேசத்திலோ, மகிந்திரா கம்பெனியார் 1940-களின் கடைசியிலிருந்தே பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்று, பிறகு இங்கேயே செய்யவும் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். ஆகையால் ஜீப்பின் உதிரிப் பாகத்துக்கு இந்தியாவில் என்ன பஞ்சம் என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். "இதற்கா இவ்வளவு கவலை? நான் கூட வருகிறேன், ஒரு நாளில் வாங்கிவிடலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஒரு நாள் ஐந்து வாரம் ஆயிற்று.

ரேடியேட்டர் என்றால் இன்னது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே ஒரு பித்தளைத் தொட்டி. கீழே ஒரு பித்தளைத் தொட்டி. இரண்டுக்கும் நடுவே தட்டையான மெல்லிய குழாய்கள் வரிசை வரிசையாக. குழாய்களின் இடைவெளியில் விசிறி மடிப்பாகச் செப்புத் தகடுகள். இந்த நடுப் பகுதிக்குத் தொழிலாளிகள் வழங்கும் பெயர் 'கோர்'. எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீர் மேல் தொட்டிக்கு வந்து, குழாய்கள் வழியாக இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறி, கீழ்த் தொட்டியிலிருந்து மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது. ஜீப்பின் எஞ்சின் அறுபது குதிரைச் சக்தி உடையது. அதற்குப் பத்து லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் போதும். அந்தத் தண்ணீர் சுற்றுவது நின்றால், சிறிது நேரத்தில் எஞ்சின் தலை வளைந்து வண்டி கட்டையாகிவிடும்.

சமவெளியில் இது பெரிய சங்கடமில்லை. மலையில்தான் வம்பு. சிறிய கியரில் எஞ்சின் முழு மூச்சுடன் உழைக்கிறது. வண்டியோ நத்தைபோல் போவதால் எதிர்க் காற்று இல்லை. போதாததற்கு இன்னொரு சூட்சுமம் உண்டு. ஊட்டியில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று குறைப்படாத பெண்மணி இல்லை. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடுவதுதான் காரணம். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள கோத்தகிரியில் அது சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். பருப்புக்குப் பிரஷர் குக்கர் வந்ததுபோல ஜீப்புக்கும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று உண்டு. அது சுமார் நான்கு பவுண்டு அழுத்தம் வரையில் நீராவியை அடக்கி வைக்கும். அதனால் கொதிநிலை எட்டு டிகிரி வரையில் உயர்கிறது. மலையில் ஜீப்புக்கு அந்த எட்டு டிகிரிதான் உயிர். இதைக் கேட்டுவிட்டுச் சில புத்திசாலிகள், நான்கு பவுண்டு நல்லதானால் பதின்மூன்று பவுண்டு இன்னும் நல்லதல்லவா என்று புதிய மோட்டார்களின் மூடியைக் கொண்டுவந்து திருகுகிறார்கள். பழைய ரேடியேட்டரின் பற்றுவாய்கள் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுவிடும்.

மூடியைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை யாரும் திறக்கக்கூடாது. குக்கரை அவசரப்பட்டுத் திறந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அரை மணி ஆறவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடவேண்டும். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் இரும்பு விரிந்துபோகும்.

நிற்க. நான் கோத்தகிரிக்குப் போய்ப் பார்த்தபோது ஜீப்பின் மூக்கிலிருந்து மஞ்சள் நிறமாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. "இது என்ன, ரசமா?" என்று கேட்டேன். சிநேகிதர் சிரிக்கவில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றுவது நம் நாட்டு டிரைவர்களின் கைவைத்தியம். மஞ்சள் பொடி போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக் கருவையும் ஊற்றுவதுண்டு. நடுக்காட்டில் வீடு போய்ச் சேருவதற்கு இந்த வைத்தியம் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மஞ்சள் பொடிக்கு ஓட்டை எது, குழாய் எது என்ற பேதம் தெரியாதே! மூன்று தலைமுறையாக ஊற்றிய மஞ்சளும், கொழகொழத்த துருவும் சேர்ந்து கோரின் பாதிக் குழாய்களை அடைத்துவிட்டிருந்தன. எஞ்சின் சூடாக ஓடும்போது மெக்கானிக் கோரின்மேல் கையைச் சற்று விலக்கிப் பிடித்துத் தடவிக் காட்டினார். சில இடம் நெருப்பாய்ச் சுட்டது. சில இடம் சில்லென்று இருந்தது. சில்லென்ற இடத்தில் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

"வேற போட்டுர வேண்டியதுதானுங்க" என்றார் அவர்.

வேறு எங்கே கிடைக்கும்? முதலில் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்குப் போனோம். மலைபோல் குவிந்த இரும்பின் நடுவே, எந்த வண்டியின் எந்த உறுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நாற்பத்து நாலு மாடலா? எங்கப்பா காலத்துல வந்துச்சுங்க" என்று ஒருவர் மரியாதையாகச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு சென்னைக்குப் போனோம். புதுப்பேட்டையைப் பற்றி மோட்டார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சந்துக்குச் சந்து கதவு, கண்ணாடி, கியர்ப் பெட்டி என்று உறுப்பு உறுப்பாகத் தொங்குகின்றன. ஜீப் ரேடியேட்டர் என்று கேட்டவுடன் நாலு பேர் நாலு ரேடியேட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் ஜீப்பினுடையவைதான், எதுவும் எங்கள் ஜீப்பினுடையது அல்ல. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் தேசத்தில் பலர் ஜீப்புகளின் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டார்கள். பின்னால் கம்பெனியிலிருந்தே டீசலுடன் வந்தன. ஆகவே இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை டீசல் ஜீப்பின் ரேடியேட்டர்கள். அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் அகலம் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. அந்தக் 'கிட்டத்தட்ட' என்ற வார்த்தையில் மயங்கி ஒன்றை வாங்கிவிட்டோம். கோத்தகிரிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் கோர் தடித்துப் பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. விசிறிக்கும் கோருக்கும் இடையில் ஒரு விரற்கடைகூட இல்லை. ஹோஸ் மாட்டும் வாய் ஒன்று எதிர்ப் பக்கத்தில் இருந்தது. மெக்கானிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வண்டிய மாத்துனா சரியாப் போயிருங்க" என்றார்.

சந்தைக்குப் போகும் முன்னே எழுதிக்கொள்ள வேண்டியவை எவை என்பதை இந்த நஷ்டத்தில்தான் கற்றுக்கொண்டோம். கோரின் உயரம், அகலம், கனம். மேல் வாயும் கீழ் வாயும் எந்தப் பக்கம், எவ்வளவு விட்டம். சட்டத்தில் உட்காரும் போல்ட்டுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம். தலையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தாங்கு கம்பி மாட்டும் காது எங்கே என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கவேண்டும். பெண்ணுக்கு ரவிக்கை வாங்கப் போகிறவர்கள்கூட அளவு ரவிக்கை எடுத்துக்கொண்டுதானே போகிறார்கள்?

மூன்றாவது அனுபவம் வேறொரு ஊரில் நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் கடைக்காரர் எங்களைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, உள்ளே அழைத்துப்போய், சாக்கை விலக்கி ஒரு ரேடியேட்டரைக் காட்டினார். அசல் யுத்த காலத்துச் சரக்கு என்றார். அதிலே 'எஃப்' என்ற எழுத்து பொறித்திருந்தது. சிநேகிதருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் விரலால் தடவிப் பார்த்தேன். எண்பது வருஷத்துப் பித்தளையின் நடுவே அந்த எழுத்தின் பள்ளம் மட்டும் புது மோதிரம்போல் மின்னிற்று. உளியால் அடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. "இந்த எழுத்துக்கு மட்டும் என்ன விலை?" என்று கேட்டேன். கடைக்காரர் சாக்கை மூடிவிட்டார்.

அமெரிக்காவில் இந்த வண்டிக்கென்றே புது ரேடியேட்டர் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். யுத்த காலத்து ஜீப்பை அங்கே குழந்தைபோல் வளர்க்கிறார்கள். அங்கே எழுதிக் கேட்டோம். சாமான் உண்டு, ஆனால் கப்பலேறி, சுங்கத்தில் காத்திருந்து, மலை ஏறி வருவதற்குள் கல்யாணம் முடிந்து சீமந்தமே வந்துவிடும்போல் இருந்தது.

இதற்குள் மாப்பிள்ளைப் பையன் ஒரு யோசனை சொன்னான். அவன் பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவன், நல்ல பிள்ளை. "அப்பா, புதுக் கார்களில் வருகிற அலுமினிய ரேடியேட்டரை வெட்டி ஒட்டி வைத்துவிடலாம். மின்சார விசிறி போட்டால் கொதிக்கவே கொதிக்காது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. செம்பு அலுமினியத்தைக் காட்டிலும் ஒன்றே முக்கால் மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் அலுமினியம் கனம் குறைவு, விலை குறைவு என்பதால் மோட்டார் உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. எனினும் அந்த ரேடியேட்டர்களின் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, உடைந்தால் எறியவேண்டியதுதான். மேலும் ஜீப்பின் முன்பக்கத்தை வெட்டாமல் அது உட்காராது. யுத்த கால ஜீப்பின் முகத்தில் ஒன்பது கண்கள் உண்டு. யுத்தத்துக்குப் பின் ஜனங்களுக்காகச் செய்தவற்றில் ஏழுதான். அந்த ஒன்பது கண் முகத்தை வெட்டுவதா?

2021-ல் மத்திய சர்க்கார் பழம்பெரும் மோட்டார்களுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். ஐம்பது வயது தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்குத் தனி நம்பர் கிடைக்கும். ஆனால் அந்த நம்பரை வாங்கிவிட்டால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாமே தவிர, சாதாரணப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. சிநேகிதர் அந்த நம்பருக்கு இன்னும் போகவில்லை. என்றாலும் வெட்டுவது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. பையன் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனான். வீட்டில் இரண்டு நாள் யாரும் ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை. முகூர்த்தத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். "மேட்டுப்பாளையத்துல பாய் ஒருத்தர் இருந்தாரே! உங்கப்பா அவர்கிட்டதான் கொண்டுபோவார். வெங்கலப் பானைக்கு ஈயம் பூசறவர் மகன். அவர் இருக்காரா பாருடா" என்றார்.

பாய் இருந்தார். வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. லாரிகள் நிற்கும் மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை; வாசலில் பெரிய சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். சிநேகிதர் ரேடியேட்டரை மடியிலிருந்து குழந்தையை இறக்குவதுபோல் இறக்கி வைத்து, ஐந்து வாரக் கதையையும் சொன்னார். பாய் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே, மேல் தொட்டியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினார். டங் என்று மணி அடித்தாற்போல் ஒலித்தது. கீழ்த் தொட்டியைத் தட்டினார், அதுவும் ஒலித்தது.

"தம்பி, நீங்க இதைத் தேடியா மெட்ராஸ் வரைக்கும் போனீங்க?"

"ஆமாம் பாய்."

"ரேடியேட்டர் கையிலேயே இருக்குதே. டாங்க் ரெண்டும் தங்கமாட்டம் இருக்குது. கோர்தான் செத்துப்போச்சு. கோரை மாத்திக்கிட்டாப் போதும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்து, வாய், காது, அளவு என்று எந்த அடையாளங்களுக்காக ஊர் ஊராக அலைந்தோமோ, அவையெல்லாம் தொட்டிகளிலும் சட்டத்திலும் இருந்தன. கெட்டுப்போன நடுப்பகுதியிலோ எந்த அடையாளமும் இல்லை. அளவு சொன்னால் எவரும் செய்யக்கூடிய குழாயும் தகடும்தான். இதை ஒரு மெக்கானிக்கும் ஒரு கடைக்காரரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை, பித்தளைத் தொட்டியைக் கழற்றி மறுபடி ஒட்டத் தெரிந்த கை அருகில் இல்லாதபோது, மாற்றிவிடு என்பதைத் தவிர அவர்கள் வேறு என்ன சொல்லமுடியும்?

பாய் அளவெடுத்துக் கோயமுத்தூருக்குச் சொல்லி அனுப்பினார். அங்கே செம்புக் கோரை அளவுக்குச் செய்து கொடுக்கும் பட்டறை உண்டு. குழாய் ஒரு வரிசை கூடுதலாக வைத்தால் நன்றாகக் குளிருமே என்று நான் என் அறிவைக் காட்டினேன். "விசிறிக்கு எடம் வேணாமா சார்? பழசுல எத்தனையோ அத்தனைதான்" என்று முடித்துவிட்டார். எட்டு நாளில் கோர் வந்தது.

வேலை நடந்த அன்று நானும் சிநேகிதரும் காலையிலேயே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். பாய் ஊதுகுழல் விளக்கின் நெருப்பைத் தொட்டியின் விளிம்பில் ஓடவிட்டார். பற்றாசு பாதரசம்போல் இளகி வழிந்தது. இடுக்கியால் ஒரு இழுப்பு இழுத்ததும் எண்பது வருஷமாகச் சேர்ந்திருந்த தொட்டியும் கோரும் பிரிந்தன. உள்ளே மஞ்சளும் துருவும் பிட்டுப்பிட்டாக இருந்தன. பித்தளை ஓரங்களைச் சுரண்டி, துத்தநாகம் கரைத்த திராவகத்தைத் தூரிகையால் தடவி, முதலில் ஓரம் முழுதும் மெல்லிய ஈயப் பூச்சுப் பூசினார். பிறகு புதுக் கோரைப் பொருத்தி, குழாய்களின் நுனி ஒவ்வொன்றையும் பற்றவைத்தார். நெருப்பு ஒரு நொடி அதிகம் நின்றால் பக்கத்துக் குழாயின் பற்று விட்டுவிடும். ஒரு நொடி குறைந்தால் பிடிக்காது. அந்தக் கணக்கை அவர் எங்கேயும் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. இடையே லாரிக்காரர் ஒருவரிடம் டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்தார்.

அவருடைய தகப்பனார் தெருத்தெருவாகப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர். எவர்சில்வர் வந்து அந்தத் தொழிலைக் கொண்டுபோனபின் மகன் அதே நெருப்பையும் அதே துணியையும் எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் வந்துவிட்டார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று அவரே எச்சரித்தார். பாத்திரத்துக்குப் பூசுவது சுத்தமான வெள்ளீயம். ரேடியேட்டர்ப் பற்றில் காரீயம் கலந்திருக்கிறது. அது விஷம். ரேடியேட்டர்ப் பட்டறையில் கொடுத்து வெண்கலப் பானையை யாரும் ஒட்டிக்கொள்ளக்கூடாது. புகையை முகர்ந்து முகர்ந்து தம் பல் போனதும் அதனால்தான் என்று சிரித்தார். வைத்தியர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, கொட்டகைக்கு நான்கு பக்கமும் சுவர் இல்லாமல் வைத்திருப்பது மட்டும் நல்லதுதான்.

"பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்களா பாய்?" என்று சிநேகிதர் கேட்டார்.

"ஒருத்தன் துபாய்ல ஏ.சி. வேலை. இன்னொருத்தன் செல்போன் கடை. இப்ப வர்ற வண்டியெல்லாம் பிளாஸ்டிக் தம்பி. கத்துக்கிட்டு என்ன பண்ணுவானுங்க?" என்றார். குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிநேகிதருக்குத்தான் இருந்தது.

கடைசியாக வாய்களை எல்லாம் ரப்பர் அடைப்பானால் மூடி, சைக்கிள் பம்பினால் காற்றடித்து, ரேடியேட்டரைச் சிமெண்டுத் தொட்டியில் அமிழ்த்தினார். மூன்று பேரும் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் ஓரத்திலிருந்து குண்டூசித் தலையளவு குமிழி ஒன்று கிளம்பி மேலே வந்தது. பாய் அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மறுபடி பற்றவைத்து, மறுபடி அமிழ்த்தினார். இந்தத் தடவை தண்ணீர் அசையவில்லை. கறுப்பு வர்ணத்தை மெல்லியதாக ஒரே பூச்சுப் பூசச் சொன்னார். தடித்துப் பூசினால் சூடு வெளியே போகாதாம். நான்கு பவுண்டு மூடி ஒன்றையும் எங்கிருந்தோ தேடியெடுத்துக் கொடுத்தார். அவர் கேட்ட கூலியும் கோரின் விலையும் சேர்ந்து, புதுப்பேட்டையில் நாங்கள் வீணாகக் கொடுத்ததைவிடக் குறைவு.

புதுக் கோருக்கு இனிக் கிணற்று நீர் ஆகாது என்பதையும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். உப்பு நீர் கொதித்துக் கொதித்து, வெந்நீர்த் தவலையில் படிவதுபோல் குழாயில் சுண்ணாம்பு படியும். வாலை வடித்த நீரும், கடையில் விற்கும் பச்சை நிறக் கூலண்டும் கலந்து ஊற்றவேண்டும். அந்தக் கூலண்டு தித்திப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் இருக்கும் வீட்டில் அதைத் தரையில் சிந்தவிடக்கூடாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாலை நாலு மணிக்கு, ஜீப்பின் ஒன்பது கண்களுக்கும் மேலாகச் சாமந்தி மாலை போட்டார்கள். காற்று புகும் வழியை மறைக்கக்கூடாது என்று மாப்பிள்ளையே வந்து மாலையைத் தூக்கிக் கட்டினான். முன் சீட்டில் அம்மாள். பின்னால் பெண்ணும் பிள்ளையும். நான் பின்தொடர்ந்த காரில் இருந்தேன். ஆயினும் மனசு என்னவோ அந்த வண்டியின் உஷ்ணமானியில்தான் இருந்தது. சிநேகிதரும் ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட முள்ளைப் பார்த்த நேரமே அதிகம் என்று பிறகு சொன்னார். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்தது, அங்கேயே நின்றுகொண்டது. பங்குனியில் கொதித்த அதே வளைவைத் தாண்டினோம். அதற்கடுத்த வளைவையும் தாண்டினோம்.

பாதி மலைக்கு மேல், பாறை இடுக்கிலிருந்து ஊற்று நீர் சொட்டும் ஒரு திருப்பத்தில், அம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏதோ கோளாறு என்று நாங்களும் இறங்கி ஓடினோம். அம்மாள் மடியிலிருந்த பையிலிருந்து பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார். 1961-ல் அந்த இடத்தில்தான் வண்டி கொதித்து நின்றதாம். மாமனார் ரேடியேட்டர் ஆறும் வரையில் உட்காரச் சொல்லி, இந்தச் செம்பினால் ஊற்று நீர் மொண்டு ஊற்றினாராம்.

"அம்மா, இப்போது தண்ணீர் வேண்டாம். ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது" என்றார் சிநேகிதர்.

"வண்டிக்கு யாருடா கேட்டா? அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலை" என்றார் அம்மாள்.